பூஜ்யத்திலிருந்து மூன்று வரை

சீர்காழி,
26.8.1972

மங்களத்துக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. திருவையாற்றில் உன் அம்மா வீட்டில் நீ நலமாகத்தான் இருப்பாய். இங்கே மதகு குவார்ட்டர்ஸில் நான் நலமாக இல்லை. காரணம், 16ஆம் தேதி சாயங்காலம் நீ ஆற்றில் வீசிய நீர்மட்ட ரிஜிஸ்டர். அது கல்யாணத்துக்கு வந்த வெள்ளித்தட்டு அல்ல, அரசாங்கச் சொத்து. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு என்று ஒரு வேளைகூட விடாமல் நானே மதகில் இறங்கிப் பார்த்து எழுதிய ஏழு மாத அளவு அதில் இருந்தது. மெமோ வந்துவிட்டது. 'எருமை முட்டி ஆற்றில் விழுந்துவிட்டது' என்று பதில் எழுதியிருக்கிறேன். வேலையில் நான் எழுதிய முதல் பொய்.

'உனக்குப் பைத்தியமா' என்று அப்பா எதிரில் கேட்டது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வியே தப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். மாதத்துக்கு ஒரு தடவை இந்த வீட்டில் ஏதாவது உடைகிறது. ஜூனில் ஊறுகாய் ஜாடி, ஜூலையில் முகம் பார்க்கும் கண்ணாடி. மற்ற நாளில் நீ நல்ல பெண். எது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை.

சித்தம் தெளிய உன்னைக் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்கவைக்க வேண்டும் என்கிறாள் அம்மா. அப்பா அதற்கும் மேலே போய்விட்டார். "சித்தம் கலங்கினவள வச்சுக்கிட்டு என்னடா பண்ணுவ? அங்கயே இருக்கட்டும். உனக்கு வேற ஏற்பாடு பண்றேன்" என்கிறார். நான் மதகுக்குக் கிளம்பி வந்துவிட்டேன்.

இன்னொன்று. உன் கல்யாணத்துக்கு உன் அப்பா எழுதிவைத்த ஆறு மா நிலத்தில், தன்னைக் குத்தகைதாரர் என்று பதிவு செய்யச் சொல்லி வீரையன் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்திருக்கிறார். பதிவாகிவிட்டால் அப்புறம் அவரை நிலத்திலிருந்து எழுப்ப முடியாது. 'அவர் கூலியாள்தான்' என்று நிலத்துக்காரியான நீ எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அப்பா கொண்டுவந்த காகிதம் அதுதான். பதினைந்து நாள் தவணை. வந்து சேர்.

கலியபெருமாள்


திருவையாறு,
3.9.1972

அன்புள்ள அத்தானுக்கு மங்களம் எழுதிக்கொண்டது.

ரிஜிஸ்டருக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதில் எனக்கு ஒரு சாக்கும் இல்லை. அந்த எருமையிடமும் கேட்கிறேன்.

பதினைந்து நாளில் வர முடியாது. மூன்று மாதம் ஆகும். ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். பொறுமை உங்களுக்கு இல்லை என்று தெரியும். இரண்டு தடவை படியுங்கள்.

28ஆம் தேதி அம்மா என்னைத் தஞ்சாவூர் கீழவாசலில் டாக்டர் ஹமீதா பானுவிடம் கூட்டிப்போனாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, கண்ணாடி, ரிஜிஸ்டர். அவர் அதையெல்லாம் விட்டுவிட்டு, "கோவம் என்னைக்கு வடிஞ்சுது?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இங்கே வந்த பிறகு 20ஆம் தேதி தூரமானேன். அன்று மத்தியானமே, கதவு திறந்து காற்று வந்த மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன்.

"சாகணும்னு தோணுதா?"

"இல்லீங்க டாக்டர். சாகடிக்கணும்னுதான் தோணுது."

சிரித்துவிட்டார். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த நெனப்பு என்னைக்காவது வந்தா அன்னைக்கே என்கிட்ட வரணும். நாளு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது" என்றார். பிறகு சொன்னார்: "உனக்குப் பேயும் இல்ல, பைத்தியமும் இல்லம்மா. மாதவிலக்குக்கு முந்தின வாரத்துல வர்ற தொந்தரவு இது. நெறைய பேருக்கு லேசா வரும். சில பேருக்கு உன்னாட்டம் ஆளையே பொரட்டிப் போடும். ஆனா நான் சொல்றேன்னு நம்பாத. மூணு மாசம் தினம் தினம் குறிச்சுக்கிட்டு வா. அப்பறம் நீயே எனக்குச் சொல்லு."

உங்கள் வீட்டில் நடப்பதை எண்ணிப் பார்க்கிறேன். நம் கல்யாணம் ஐயர் இல்லாமல், மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து நடந்த சீர்திருத்தக் கல்யாணம். மாமா கரைவேட்டி கட்டிக்கொண்டு அரைமணி நேரம் பெண் விடுதலை பேசினார். ஆனால் மாதம் மூன்று நாள் என்னைக் குவார்ட்டர்ஸிலிருந்து உங்கள் ஊருக்கு அனுப்பி, கொல்லை அறையில் தனித்தட்டோடு உட்காரவைப்பது மட்டும் நிற்கவில்லை. அந்த மூன்று நாளையும் வீடே விரல்விட்டு எண்ணுகிறது. உண்மையில் அந்த மூன்று நாள்தான் எனக்கு நிம்மதி. அதற்கு முந்தின ஏழு நாளை எண்ணத்தான் ஆள் இல்லை.

இப்போது நான் எண்ணுகிறேன், மாவு மில் காலண்டரில் தினமும் பென்சில் கோடு போட்டு. லேசாக இருந்தால் ஒரு கோடு, தாங்க முடியாவிட்டால் மூன்று. காகிதம் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

மங்களம்


சீர்காழி,
14.9.1972

மங்களத்துக்கு,

இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. என் அம்மா ஐந்து பிள்ளை பெற்றவள். இப்படி ஒரு வியாதி இருப்பதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் நேற்று நெய்னா முகம்மது ஓட்டலில் ஒன்று நடந்தது. நீ ஊருக்குப் போகும் மூன்று நாளும் நான் அங்கேதானே சாப்பிடுவேன். நீ போய் ஒரு மாதமாகிவிட்டதால் இப்போது தினமும். இலை போட்டுக்கொண்டே கேட்டார்: "என்ன ஓவர்சியரே, மூணு நாள் விருந்தாளி, மாசம் முச்சூடும் விருந்தாளி ஆயிட்டீங்க?"

"வீட்ல ஊருக்குப் போயிருக்காங்க பாய்."

"தெரியுதே. எப்பவும் மூணு நாள் சாப்பாட்டுக்கு வருவீங்க. அதுக்கு முன்னால ஒரு வாரம் மொகத்த உர்ருன்னு வச்சுக்கிட்டு டீ குடிக்க மட்டும் வருவீங்க. கடைப் பையன்கூடக் கண்டுபிடிச்சிட்டான், 'ஓவர்சியர் டீ குடிக்க ஆரம்பிச்சிட்டாரு, அடுத்த வாரம் இலை போடணும்'னு."

எல்.சி.இ. எஞ்சினியரிங் படித்து நான் பார்க்காத சுழற்சியை ஓட்டலில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

சரி, குறிப்பதென்றால் ஒழுங்காகக் குறி. மாவு மில் காலண்டரில் பென்சில் கோடு போடுவது அளவு ஆகாது. மதகுத் தாள் மாதிரியே கோடு போட்டு நான்கு தாள் அனுப்பியிருக்கிறேன். தேதி, தலைவலி, வீக்கம், அழுகை, கோபம், குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை எண் போடு. பூஜ்யம் என்றால் இல்லை. மூன்று என்றால் கரை மேல் தண்ணீர். படுக்கப் போகும் முன் அன்றன்றைக்கே எழுத வேண்டும். விட்டுப்போனால் கட்டத்தைக் காலியாக விடு. ஞாபகத்திலிருந்து நிரப்பாதே. ஞாபகம் பொய் சொல்லும்.

தாலுகா ஆபீஸில் அப்பா தவணையை நீட்டி வாங்கியிருக்கிறார். ஆனாலும் மூன்று மாதம் அதிகம். இரண்டு போதும்.

கலியபெருமாள்


திருவையாறு,
24.9.1972

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று மாதம்தான். இரண்டு போதும் என்பதை டாக்டரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

தாள் நன்றாக இருக்கிறது. இந்த மாதம் காலண்டரில் போட்ட கோடுகளையும் எண்ணாக அதில் ஏற்றிவிட்டேன். உங்கள் கடிதம் வந்தது 16ஆம் தேதி. அன்றைக்கு அதைக் கிழித்துப் போட இருந்தேன். 'சிரிப்பு வந்தது' என்ற வரிக்காக. கிழிக்காமல் தாளை எடுத்து, கோபம் மூன்று, அழுகை மூன்று என்று எழுதினேன். எழுதிய பிறகு கிழிக்கத் தோன்றவில்லை. மறுநாள் 17, தூரமானேன். கோபம் ஒன்று. 19, பூஜ்யம். அன்று அதே கடிதத்தை மறுபடி படித்தேன். நெய்னா பாய் பேச்சுக்கு அம்மாவும் நானும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

அந்த வாரம் எப்படி இருக்கும் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே எழுதுகிறேன். மோதிரம் கழலாது. மார்பு கனத்து வலிக்கும், ரவிக்கை பட்டால்கூட. இரவில் உறக்கம் வராது, பகலில் உடம்பு சாயும். யாராவது தட்டை வைக்கும் சத்தம் காதுக்குள் அறைகிற மாதிரி கேட்கும். நான் பேசுவது எனக்கே கேட்கும், 'போதும், நிறுத்து' என்று உள்ளே ஒருத்தி சொல்வாள், வாய் நிற்காது.

டாக்டர் சொன்னபடி அந்த வாரம் வருமுன்பே ஊறுகாய், கருவாடு, அப்பளம் நிறுத்தம். காபி ஐந்து வேளையிலிருந்து காலையில் ஒன்று. பட்டினி கிடக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். விடிந்ததும் படித்துறையிலிருந்து பாலம் வரை போய்வருகிறேன். "பொம்பள தனியா எங்க போற?" என்று கேட்டவர்களுக்கு "டாக்டர் சொன்ன மருந்துக்கு" என்று சொல்லிவிட்டு நடக்கிறேன். அம்மாவிடம் எண் மட்டும் சொல்வேன். "இன்னைக்கு ரெண்டும்மா" என்றால் போதும், அவள் வாயைத் திறக்கமாட்டாள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அத்தைக்கு முன்னெல்லாம் மாதாமாதம் சாமி வரும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? பகுத்தறிவு பேசுகிற மாமாவே அன்றைக்குப் பேசாமல் கற்பூரம் ஏற்றுவாராம். ஆறு வருடமாக வருவதில்லை. அத்தைக்கு இப்போது ஐம்பத்து நான்கு. கணக்குப் போடுங்கள், நீங்கள்தான் படித்தவர்.

மங்களம்


சீர்காழி,
20.10.1972

மங்களத்துக்கு,

உன் இரண்டாவது தாளின் நகல் வந்தது. 14ஆம் தேதி தூரம் என்று குறித்திருக்கிறாய். அதற்கு முந்தின ஏழு நாளும் ஏறுமுகம், பிறகு ஒரே சரிவு. செப்டம்பர் தாளை இதன் மேல் வைத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். ஒன்றின் மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தது. நம்புகிறேன். அம்மாவிடம் சாமி விஷயத்தைக் கேட்டேன். முறைத்தாள். சோறு போட்டுவிட்டு, கை கழுவப் போனவள் திரும்பி நின்று சொன்னாள்: "ஆமாடா. மறுநாளே தூரமாயிடுவேன். அப்பல்லாம் யாருடா எண்ணிப் பாத்தா?" அதற்குப் பிறகு அவள் வாயில் குணசீலம் வரவில்லை.

இதோடு கிராஃப் தாளில் ஒரு வரைபடம் அனுப்பியிருக்கிறேன். அபாய நாட்களுக்குச் சிவப்பு. நவம்பர் 4 முதல் 11. டிசம்பர் 2 முதல் 9. டிசம்பர் 30 முதல் ஜனவரி 6. வெள்ள எச்சரிக்கை மாதிரி முன்கூட்டியே தெரிந்தால் பாதித் தொல்லை போயிற்று.

அப்பாவுக்கும் ஒரு நகல் கொடுத்து, பைத்தியம் இல்லை, ஏழு நாள் விஷயம் என்று விளக்கினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். நன்றாகப் புரிந்துகொண்டார். வேறு ஏற்பாடு என்ற பேச்சை விட்டுவிட்டார். "அப்ப சிவப்புல அவ என்ன சொன்னாலும் கணக்குல எடுத்துக்க வேணாம். வெள்ளைல கையெழுத்து வாங்கிடலாம்" என்றார். யோசித்தால் அதுவும் சரிதான். நவம்பர் 20க்கு மேல் உனக்குத் தோதான நாள் சொல். காகிதத்தைக் கொண்டுவரச் சொல்கிறேன்.

கலியபெருமாள்


திருவையாறு,
24.11.1972

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், என்ன எழுதுவது என்று யோசித்து யோசித்து எழுத வேண்டியிருந்தது.

என் உடம்பை நான் உங்களுக்கு எழுதினேன். மாமாவுக்கு எழுதவில்லை. எனக்கு மார்பு வலிக்கிற நாளை என் மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார் என்று நீங்கள் எழுதியதைப் படித்து அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து போனேன். அந்தத் தாளை உடனே திருப்பி வாங்குங்கள்.

காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். வீரையன் எங்கள் அப்பா காலத்திலிருந்து இருபது வருடமாக அந்த ஆறு மாவைச் சாகுபடி செய்கிறார். மாடு அவருடையது. ஏர் அவருடையது. விதை அவர் வீட்டுக் குதிரில் இருந்து வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் வராத வருடம் அவர் மனைவி ராஜாத்தி இடுப்பில் குடம் வைத்து நாற்றங்காலுக்கு ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கூலியாள் சொந்த விதையைப் போட்டு விதைப்பான்? அறுப்பு முடிந்து களத்தில் எங்கள் பங்கைப் பிரித்துக் கொடுப்பது குத்தகைதாரர்தான். இது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். குத்தகைச் சட்டத்தை மேடையில் பாராட்டிப் பேசிவிட்டு வந்து என்னைப் பொய் எழுதச் சொல்கிறார்.

அரசாங்கத்துக்கு எழுதிய முதல் பொய் என்று அந்த எருமைக்காக வருத்தப்பட்டீர்களே, என்னை மட்டும் எழுதச் சொல்வது எப்படி? மாட்டேன். மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.

மங்களம்


சீர்காழி,
8.12.1972

மங்களத்துக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. புயல் மழையில் மாயவரத்துக்கு இந்தப் பக்கம் சாலை உடைந்து, தபால் பை நனைந்து வந்திருக்கிறது. மேல் பாதியில் மசி கரைந்துவிட்டது. மீதியைப் படித்தேன். இங்கேயும் நான்கு நாளாக மதகு ஷட்டர்களை முழுக்கத் தூக்கிவைத்து, இரவு பகல் பார்க்காமல் கரைமேல் நிற்கிறேன். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நான் கோபப்படவில்லை. முன்பென்றால் படித்ததும் பஸ் ஏறியிருப்பேன். இப்போது அப்படி இல்லை. வந்த கடிதத்தைப் பதிவில் ஏற்றினேன், டிசம்பர் 7. வரைபடத்தைப் பார்த்தேன். சிவப்பு. அதுதான் விஷயம் என்று புரிந்தது. நீ எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. 12ஆம் தேதிக்கு மேல், தெளிந்த பிறகு, நிதானமாக இன்னொரு கடிதம் எழுது. அதைத்தான் உன் பதிலாக எடுத்துக்கொள்வேன்.

தஞ்சாவூர் தாலுகா ஆபீஸில் விசாரணை ஜனவரி 4, வியாழக்கிழமை. அதற்குள் கையெழுத்து ஆக வேண்டும்.

உப்பைக் குறை.

கலியபெருமாள்


திருவையாறு,
16.12.1972

அத்தானுக்கு,

தெளிந்த பிறகு எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். 9ஆம் தேதி தூரமானேன். இன்று எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். மூன்று மாதத் தாளையும் இதோடு அனுப்பியிருக்கிறேன்.

நனைந்துபோன அந்தக் கடிதத்தை நான் எழுதிய தேதி நவம்பர் 24. அந்தத் தேதிக்கு நேரே பாருங்கள். தலைவலி பூஜ்யம், வீக்கம் பூஜ்யம், அழுகை பூஜ்யம், கோபம் ஒன்று. அந்த ஒன்று உங்களுக்காகப் போட்டது. உங்கள் மதகுக்கு இன்றைக்கு வரும் தண்ணீர் இன்றைக்குத்தான் கல்லணையில் புறப்பட்டது என்று ரிஜிஸ்டரில் எழுதுவீர்களா? என் கடிதத்துக்கு மட்டும் வந்து சேர்ந்த நாளையே எழுதிய நாளாக வைத்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். டிசம்பர் 6. கோபம் மூன்று, அழுகை மூன்று. குறிப்பில் எழுதியிருக்கிறேன்: 'அண்ணன் கேட்டார். கையெழுத்து மாட்டேன் என்றேன்.' அன்று தலையணையில் முகம் புதைத்து அழுதுகொண்டு சொன்னேன். இன்று தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு சொல்கிறேன். சொன்ன விதம் வேறு. சொன்னது ஒன்றுதான். அந்த ஏழு நாளில் என் சத்தம் கூடும், அத்தான். என் புத்தி எங்கேயும் போவதில்லை. ஜாடியைப் போட்டு உடைத்ததற்கு அந்த வாரத்தைக் காரணம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வீரையன் விதைக்கு அதைக் காரணம் சொல்லாதீர்கள்.

டாக்டர் எல்லாத் தாளையும் பார்த்தார். செப்டம்பரில் மூன்று விழுந்த நாள் ஐந்து, இந்த மாதம் இரண்டு. "இப்படியே போகட்டும், கொறையலேன்னா மருந்து பாக்கலாம்" என்றார். விசாரணையைச் சொன்னேன். "சர்டிபிகேட் எழுதித் தரட்டுமா?" என்றார். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

ஜனவரி 4 உங்கள் வரைபடத்தில் சிவப்பு என்று எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். அன்றைக்குத்தான் போகிறேன். சொல்ல வேண்டியதை இந்த வாரமே எழுதி, தேதி போட்டு வைத்துக்கொள்வேன். அன்றைக்குப் பார்த்துப் படித்தால் போதும். முந்தின இரவு சீக்கிரம் படுப்பேன். காலையில் நடப்பேன், சாப்பிடுவேன். பிறகு பஸ் ஏறுவேன்.

நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

மங்களம்


சீர்காழி,
24.12.1972

மங்களத்துக்கு,

தவறு என்னுடையது. ஆபீஸில் வரவுத் தேதியைத்தான் பதிவோம். அந்தப் பழக்கத்தில் போட்டேன் என்பது காரணம், சமாதானம் அல்ல. தாள்களை மூன்று தடவை பார்த்தேன். பதினோரு இடத்தில் காகிதத்தைப் பற்றிக் குறித்திருக்கிறாய். நான்கு சிவப்பில், ஏழு வெள்ளையில். பதினொன்றிலும் 'மாட்டேன்'.

கெட்ட செய்தி ஒன்று. அப்பா தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். மருமகளுக்குச் சித்த சுவாதீனம் இல்லை, அவள் சொல்வதை ஏற்கக் கூடாது என்று. ஆதாரமாக என் வரைபடத்தை இணைத்திருக்கிறார். கீழே என் கையெழுத்து இருக்கிறது. திருப்பிக் கேட்டேன். "நீதானடா போட்டுக் குடுத்த?" என்றார். "அது வைத்தியத்துக்குப் போட்டது" என்றேன். "ரெண்டுக்கும் ஆவுது" என்று சிரித்தார். நான் கத்தினேன். அம்மா நடுவில் வந்து நின்றாள். இனி அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று வந்துவிட்டேன்.

லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியாது. ஆற்றில் இன்னும் தண்ணீர் இறங்கவில்லை. வருகிறேன் என்று எழுதிவிட்டு வராமல் போனால் அது இரண்டாவது பொய். அதனால் எழுதவில்லை.

கலியபெருமாள்


திருவையாறு,
4.1.1973, மாலை

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் ஷட்டருக்குத் திரும்ப வேண்டும் என்று தஞ்சாவூரில் ஒரு டீகூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடினீர்கள். நடந்ததை அன்றன்றைக்கே எழுத வேண்டும் என்பது உங்கள் விதி. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். எனக்கு இது எழுத்தில் வேண்டும்.

காலையில் எழுந்ததும் கோபம் மூன்று. இட்லி சாப்பிட்டேன். ராஜாத்தி எனக்கு முன்னால் தாலுகா ஆபீஸுக்குப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். "பயமா இருக்கா ஆயி?" என்றாள். "பயம் இல்ல ராஜாத்தி, எரிச்சலா இருக்கு" என்றேன். "அப்பன்னா சரி" என்றாள்.

உள்ளே மாமா முதலில் பேசினார். கை கூப்பிக்கொண்டு, "நல்ல பொண்ணுதான் சார். என்ன பண்றது, மூளை தெளிவில்ல. இதோ, என் மகனே போட்ட படம்" என்றார். அதிகாரி தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். எழுதி வைத்ததைப் படித்தேன். ராஜாத்தி குடம் சுமந்த இடம் வந்ததும் அழுகை வந்துவிட்டது. மாமா, "பாத்தீங்களா சார்?" என்றார்.

அதிகாரி கேட்டார்: "ஏம்மா அழுவுறீங்க? யாராவது மெரட்டுனாங்களா?"

"இல்லீங்க. இன்னைக்கு எனக்கு மூணு. அழுகை அது பாட்டுக்கு வரும். நீங்க பாட்டுக்கு எழுதுங்க."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் நீங்கள் சேறு காயாத செருப்போடு உள்ளே வந்தீர்கள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சார், அந்தப் படம் நான் போட்டது. அது என் சம்சாரத்துக்கு என்னைக்கு ஒடம்பு வலிக்கும்னு காட்டுற படம். என்னைக்குப் பொய் சொல்லுவாங்கன்னு காட்டுற படம் இல்ல. இந்தாங்க, மூணு மாசத் தாளு. அவங்க கையால தெனம் எழுதுனது. நல்ல நாள்லயும் இதான் சொல்லியிருக்காங்க, முடியாத நாள்லயும் இதான் சொல்லியிருக்காங்க. நான் மதகுல அளவு எடுக்குறவன். பதினோரு தடவ எடுத்த அளவு பதினொண்ணும் ஒண்ணா இருந்தா அதத்தான் சார் நான் ரிஜிஸ்டர்ல எழுதுவேன்."

மாமா, "டேய், நான் ஒன் அப்பன்டா" என்றார்.

"அதனாலதான்ப்பா வெளியில எங்கயும் பேசல. இங்க பேசுறேன்."

நீங்கள் போன பிறகு நடந்தது இது: அதிகாரி அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேரை விசாரித்தார். நான்கு மணிக்கு வீரையன் பெயரைப் பதிவில் ஏற்றினார். வீரையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அறுப்புக்கு நாள் ஆயிடுச்சு, நான் கெளம்புறேன்" என்று போய்விட்டார்.

அம்மா, எப்போது சீர்காழி போகிறாய் என்று கேட்கிறாள். இன்றைக்குச் சொல்ல மாட்டேன். பூஜ்யம் வரட்டும், சொல்கிறேன். ஆனால் மூன்று காரியம் இப்போதே எழுதிவிடுகிறேன். கொல்லை அறைக்கு இனிப் போகமாட்டேன், குவார்ட்டர்ஸில்தான் இருப்பேன். என் தாளை நான் காட்டினால் மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும். நீங்களும் ஒரு தாள் எழுத வேண்டும். என் கோபத்தை மட்டும் எத்தனை நாள் அளப்பது?

மங்களம்


சீர்காழி,
12.1.1973

அன்புள்ள மங்களத்துக்கு,

உன் 9ஆம் தேதிக் கார்டு வந்தது. 'பூஜ்யம். 19 வெள்ளிக்கிழமை வருகிறேன்' என்று ஒரே வரி. என்னைவிடச் சுருக்கமாக எழுதக் கற்றுக்கொண்டுவிட்டாய்.

மூன்றும் சம்மதம். மூன்றாவதை டிசம்பர் 24ஆம் தேதியே தொடங்கிவிட்டேன், நீ கேட்பதற்கு முன்பே. உன் கடிதத்தைப் படித்த வெட்கத்தில். இருபது நாள் தாளை அனுப்பியிருக்கிறேன். கோபம் என்ற கட்டத்தைப் பார். இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உனக்கு மாதத்தில் ஏழு நாள். எனக்கு நேர்கோடு. நெய்னா பாயிடம் காட்டினேன். "இதுக்கு எதுக்கு ஓவர்சியரே படம், எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். இதற்கு டாக்டர் என்ன சொல்வார் என்று கேட்டுக்கொண்டு வா. நானும் காலையில் நடக்கத் தயார்.

அப்பா பேசவில்லை. பொங்கலுக்கும் கூப்பிடவில்லை. அம்மா மட்டும் நேற்று மூன்று மைல் நடந்து வந்தாள். ஒரு பானை நிறைய உப்பு நார்த்தங்காய் கொண்டுவந்தாள். வாசலில் நின்று யோசித்துவிட்டு, "அவளுக்கு ஆவாதுல்ல? சரி, நீயே தின்னு" என்று வைத்துவிட்டுப் போனாள்.

எருமை விஷயத்தையும் சரிசெய்துவிட்டேன். எஞ்சினியருக்கு உண்மையை எழுதிக் கொடுத்தேன். என் மனைவி எறிந்தாள், நான் அவளை அவமானப்படுத்தியதால் எறிந்தாள் என்று. ஒரு வருட இன்கிரிமென்ட் நிறுத்தம். போகட்டும்.

பிப்ரவரி மூன்றாம் தேதி வாக்கில் உனக்குத் தூரம் வரும். அதற்கு முந்தின வாரம் என்னோடு சண்டை வரும், உன்னால் கொஞ்சம், என்னால் கொஞ்சம். வரட்டும். புது ரிஜிஸ்டர் எப்போதும்போல மேஜை மேல்தான் இருக்கிறது. அலமாரியில் வைத்துப் பூட்டவில்லை.

கலியபெருமாள்